செவ்வாய்ப்பேட்டையின் தட்டுவடை செட்: ஒரு பண்டத்தின் அடுக்குகள்

ஷாங்காய் நகரில் வாழ்ந்த அமெரிக்க உணவு எழுத்தாளர் கிறிஸ்டோபர் செயிண்ட் காவிஷ் 2015 ஆம் ஆண்டில் ஒரு விசித்திரமான அட்டவணையை வெளியிட்டார். சியாவ்லோங்பாவ் என்று சீனர்கள் அழைக்கும், உள்ளே சூடான சாறு நிறைந்த ஆவிக் கொழுக்கட்டைதான் அவருடைய ஆய்வுப் பொருள். அந்நகரின் 52 கடைகளில் அதை வாங்கி, கத்தரியால் வெட்டி, சாற்றையும் இறைச்சிப் பூரணத்தையும் தனித்தனியே எடைபோட்டு, தோலின் கனத்தைக் கருவி கொண்டு அளந்தார். தோல் எவ்வளவு மெலிந்து, உள்ளீடு எவ்வளவு மிகுந்திருக்கிறதோ அவ்வளவுக்குக் கடை மேலான வரிசையில் நின்றது. பாதி விளையாட்டாகச் செய்யப்பட்ட காரியம் அது. ஆனால், தெருவோரத்திலும் சிறு கடைகளிலும் நின்று தின்னும் ஒரு பண்டத்தை இவ்வளவு சிரத்தையோடு யாராவது பார்த்திருக்கிறார்களே என்பதில் எனக்கு மகிழ்ச்சியுண்டு.

நம் பக்கத்தில் அப்படிச் சிரத்தையோடு பார்க்கத் தகுந்தது எது என்று யோசித்தால், உருவ ஒற்றுமை கருதி முதலில் பூரணக் கொழுக்கட்டைதான் நினைவுக்கு வரும். அரிசி மாவுத் தோல், உள்ளே பூரணம், ஆவியில் வேகும் முறை என்று எல்லாம் பொருந்துகின்றன. பழமைக்கும் குறைவில்லை. மதுரைக்காஞ்சியின் இரவுக் கடைத்தெருவில் மோதகம் விற்கப்படுகிறது. அப்பம் சுட்டு விற்ற கூவியரை மதுரைக்காஞ்சியும் சிலப்பதிகாரமும் அறியும். ஆயினும் கொழுக்கட்டை இன்று வீட்டுப் பண்டமாகவும் பிள்ளையார் சதுர்த்திப் பண்டமாகவும் ஒடுங்கிவிட்டது. ஒரு நகரத்தார் மாலைதோறும் தேடிப் போய், எந்தக் கடையில் நன்றாக இருக்கிறது என்று சண்டையிட்டுக்கொள்ளும் பண்டமாக அது இல்லை. அந்த இடத்தில், சேலத்தைப் பொறுத்தவரை, இருப்பது தட்டுவடை செட்.

சேலத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: உள்ளங்கையில் பாதியளவே இருக்கும் மொறுமொறுப்பான தட்டுவடை ஒன்றின் மீது புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய் சேர்த்தரைத்த பச்சைச் சட்னியைத் தடவுவார்கள். அதன்மேல் மெல்லியதாகத் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம். இன்னொரு தட்டுவடையில் காய்ந்த மிளகாயும் பூண்டும் சேர்ந்த சிவப்புச் சட்னி. சிறிது உப்பு, சில துளி எலுமிச்சைச் சாறு. பிறகு ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்து அழுத்திக் கையில் தருவார்கள். முழுதாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துக் கடித்துத் தின்னுகிறவரைப் பார்த்தாலே வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். தட்டுவடைக்குப் பதில் முறுக்கை வைத்தால் முறுக்கு செட். மாங்காய்க் காலத்தில் மாங்காய் செட். அவித்த முட்டைத் துண்டு சேர்ந்தால் முட்டை செட். பெயரில் உள்ள ‘செட்’ என்ற ஆங்கிலச் சொல் ஜோடி என்னும் பொருளிலேயே வழங்குகிறது. செட் தோசையில் உள்ளதும் அதுவே.

இப்பண்டத்தின் வரலாற்றை எழுதப் புகுபவர் முதலில் சந்திப்பது மௌனத்தை. சேலம் மாவட்டம் பற்றி ஆங்கில ஆட்சி ஏராளமாக எழுதி வைத்திருக்கிறது. 1792 இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலும் சேலமும் கும்பெனியார் கைக்கு வந்தபின், அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை விதித்தார்கள். அந்தப் பணியிலிருந்து பிறந்த பாரமகால் ஆவணங்கள் பல தொகுதிகளாக அச்சாயின. 1883 இல் லெ ஃபானுவின் மாவட்டக் கையேடு வந்தது; 1918 இல் எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸின் மாவட்ட விவரச் சுவடி. எல்லாமே அரிய நூல்கள். ஆனால் அவற்றின் கண் நிலத்தின் மீதும் வரியின் மீதும் இருந்தது. சாதி, தறி, இரும்பு, கோயில், பஞ்சம் என்று எழுதிக்கொண்டு போகிறவர்கள் மாலையில் வீதிமுனையில் யார் எதைத் தின்றார்கள் என்று கேட்பதில்லை. வரி விதிக்க முடியாத பண்டத்துக்கு ஆவணம் கிடையாது. எனவே ஆவணத்தைத் தேடுவதை விட்டுப் பண்டத்தையே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தொல்லியலாளர் மண்ணை அடுக்கடுக்காகச் சுரண்டுவதுபோல.

அடித்தளமாக இருப்பது ஊர். செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடிய பேட்டை செவ்வாய்ப்பேட்டை. பேட்டை என்பது கோட்டைக்கு வெளியே வணிகர்களும் தொழிலாளர்களும் குடியேறிய பகுதிக்கான சொல். சேலத்திலும் கோட்டை ஒருபுறம், நடுவே திருமணிமுத்தாறு, பேட்டைகள் மறுபுறமும் சுற்றிலும் என்றுதான் பழைய நகரம் அமைந்திருந்தது. கோட்டை போன பிறகும் பேட்டை தங்கிவிட்டது. 1861 இல் சென்னையிலிருந்து வந்த ரயில் ஊருக்கு மேற்கே சூரமங்கலத்தோடு நின்றது. பின்னால் விருத்தாசலம் செல்லும் கிளைப்பாதை நகருக்குள் நுழைந்தபோது, சந்தையை ஒட்டி ‘சேலம் மார்க்கெட்’ என்றே ஒரு நிலையம் ஏற்பட்டது. லீ பஜாரின் மொத்த வியாபாரம், வெல்ல மண்டி, பருப்பு மண்டி, வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இயங்கும் இடம் இது. மூட்டை தூக்குகிறவர், கணக்கெழுதுகிறவர், வெள்ளிக் கம்பி இழுக்கிறவர், வெளியூரிலிருந்து சரக்கு கொண்டுவந்தவர் ஆகிய அனைவருக்கும் மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் இடையில் ஒரு பசி உண்டு. இலை போட்டு உட்கார நேரமில்லாத பசி. தெருப் பண்டங்கள் உலகெங்கும் இந்தப் பசியில்தான் பிறக்கின்றன. ஷாங்காயிலும் அப்படியே.

அடுத்த அடுக்கு தட்டுவடை. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் தட்டை என்றும், கொங்கு வட்டாரத்திலும் சேலத்திலும் தட்டுவடை என்றும் அழைக்கப்படும் இதைக் கன்னடர் நிப்பட்டு என்பர். தெலுங்கர் செக்கலு என்பர். அரிசி மாவு, உளுத்த மாவு, பொட்டுக்கடலை மாவு, ஊறிய கடலைப்பருப்பு, எள், பெருங்காயம். கிருஷ்ண ஜெயந்திக்கு வீடுகளில் தட்டப்படும் பட்சணம். ஈரத்துணியின்மேல் விரல் நுனியால் மெல்லத் தட்டி, உப்பிவிடாதிருக்க ஆங்காங்கே குத்தி, எண்ணெயில் இடுவார்கள். சேலத்துப் பழைய நகரின் நெசவாளர்களில் பெரும் பகுதியினர் கன்னடம் பேசும் தேவாங்கரும், தெலுங்கு பேசும் பத்மசாலியரும், சௌராஷ்டிரரும் ஆவர். குகையிலும் அம்மாப்பேட்டையிலும் பொன்னம்மாப்பேட்டையிலும் ஒரே தெருவில் மூன்று மொழிகள் கேட்கும். நிப்பட்டின்மேல் வெங்காயமும் கேரட் துருவலும் சட்னியும் வைத்துத் தரும் நிப்பட்டு மசாலா பெங்களூர்த் தெருக்களில் பெயர் பெற்றது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே மரத்தின் கிளைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. எது அடி, எது கிளை என்று தீர்ப்புச் சொல்லத் துடிப்பவர்கள் இரு ஊர்களிலும் உண்டு. நான் அந்த வழக்கில் வக்காலத்து வாங்கப் போவதில்லை. காவிரிக்கு அக்கரையும் இக்கரையும் நெடுங்காலம் ஒரே அரசின் கீழ் இருந்தன. தறியோடு மக்கள் நகர்ந்தபோது வாணலியும் நகர்ந்தது.

தட்டுவடைக்கு மேலே வருவதெல்லாம் வெளிநாட்டான். மிளகாய் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியரோடு வந்தது. மிளகைப் போல் காரமான காய் என்பதால் மிளகாய் ஆயிற்று. நிலக்கடலை தென்னமெரிக்கப் பயிர். சேலத்து மானாவாரி நிலத்தில் வேரூன்றி, நம் வாணலியில் எண்ணெயாகக் கொதிக்கிறது. சிவப்புச் சட்னியில் சிலர் தக்காளியும் சேர்க்கிறார்கள். அந்தப் பெயர் முன்பு வேறு சிறு செடிகளுக்கு உரியதாயிருந்தது, மணத்தக்காளியில் அது எஞ்சி நிற்கிறது. இவற்றையெல்லாம் விட எனக்கு வியப்பளிப்பது பீட்ரூட்டும் கேரட்டும்தான்.

இவ்விரண்டும் நம் தோட்டங்களுக்கு வந்தது மலைவாசஸ்தலங்களின் வழியாக. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819 இல் நீலகிரிக்கு ஏறியபின் அங்கே ஐரோப்பியக் காய்கறிகள் பயிராகத் தொடங்கின. சேலத்தின் சொந்த மலையான சேர்வராயனில், 1820களில் கலெக்டராக இருந்த காக்பர்ன், காப்பியையும் சீமைப் பழமரங்களையும் நட்டுப் பார்த்தார். துரைமார்களின் மேசைக்காக விளைந்தவை இவை. மேட்டுப்பாளையத்துக்கு 1873 இல் ரயில் வந்தது. அங்கிருந்து குன்னூருக்கு 1899 இல் மலைரயில் ஏறியது. 1908 இல் அது உதகையை எட்டியது. பாதை வந்தபின் காய்கறி கீழே இறங்கியது. ஆனால் சமையலறை எளிதில் கதவைத் திறக்கவில்லை. திவசச் சமையலில் இன்றும் பல வீடுகளில் கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் இடமில்லை. முன்னோர்கள் அறியாத காய் முன்னோர்களுக்கு எப்படி ஆகும்? ‘இங்கிலீஷ் காய்’ என்ற பெயர் காய்கறிக் கடைகளில் இன்னும் வழங்குகிறது. ஆக, வீட்டின் ஆசாரம் சந்தேகத்தோடு பார்த்த காய்தான் தெருவண்டியின் நடுநாயகமாக அமர்ந்திருக்கிறது. தெருவுக்குத் தாத்தா பாட்டி கிடையாது என்பது ஒரு காரணம். பீட்ரூட் மலிவு, பல நாள் கெடாது, நிறம் கண்ணை இழுக்கும் என்பவை மற்ற காரணங்கள்.

இனிப்பு இன்னொரு காரணம் என்பது என் துணிபு. பம்பாயின் சேவ் பூரியை எண்ணிப் பாருங்கள்: தட்டையான பூரி, மேலே காய், பச்சைச் சட்னி, காரச் சட்னி, இவற்றோடு புளியும் பேரீச்சையும் அல்லது வெல்லமும் சேர்ந்த இனிப்புச் சட்னி. மொறுமொறுப்பு, பச்சைக் காய், காரம், புளிப்பு, இனிப்பு என்ற ஐந்தும் சேர்ந்த கட்டமைப்பு. தட்டுவடை செட்டின் கட்டமைப்பும் அப்படியே. ஆனால் இனிப்புச் சட்னி மட்டும் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெல்ல மண்டி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சேலத்து வெல்லம் லாரி லாரியாக வெளியூர் போகிறது. இருந்தும் வண்டிக்காரர் ஒரு துண்டு வெல்லத்தைக் கரைத்துச் சட்னி செய்யவில்லை. இனிப்பை பீட்ரூட்டிடமும் கேரட்டிடமும் ஒப்படைத்துவிட்டார். வடக்கின் சாட் பண்டங்களை நகலெடுத்திருந்தால் புளி-வெல்லச் சட்னி கூடவே வந்திருக்கும் என்பதால், இது நகல் அல்ல என்பதற்கு இதுவே எனக்குக் கிடைக்கும் நல்ல சான்று. நெருங்கிய உறவு, ஆனால் தனிக் குடித்தனம்.

கிழக்காசியாவோடும் செவ்வாய்ப்பேட்டைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஜவ்வரிசி என்பது முதலில் தென்கிழக்காசியத் தீவுகளின் சாகோ பனையிலிருந்து எடுக்கப்பட்ட மாவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரில் சீனர்கள் நடத்திய ஆலைகளில் அது முத்து முத்தாக உருட்டப்பட்டு உலகெங்கும் கப்பலேறியது. இரண்டாம் உலகப் போரில் மலாயா ஜப்பானியர் கையில் விழுந்து வரத்து நின்றபோது, 1943 இல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், மலாயாவிலிருந்து திரும்பிய போபட்லால் ஷாவோடு சேர்ந்து, மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து அதே முத்தை உருட்டத் தொடங்கினார். அந்தத் தொழில் இம்மாவட்டத்தின் முகத்தையே மாற்றியது. 1981 இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம், 2023 இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு. சீனரின் இறால் கொழுக்கட்டைக்குக் கண்ணாடி போன்ற தோலைத் தருவதில் கோதுமைச் சத்தோடு மரவள்ளி மாவுக்கும் பங்குண்டு. தைவானியர் தேநீரில் மிதக்கவிடும் கறுப்பு உருண்டைகளும் மரவள்ளியே. சீனக் கொழுக்கட்டைத் தோலுக்கும் சேலத்து வடாமுக்கும் ஒரே கிழங்கு. வரலாறு சில சமயம் இப்படிக் கண்ணடிக்கிறது.

சாறடைத்த கொழுக்கட்டைக்கு வருகிறேன். ஷாங்காய்க்கு அருகிலுள்ள நான்ஷியாங் என்னும் சிற்றூரில், 1870களில் ஹுவாங் மிங்ஷியான் என்பவர் அதை உருவாக்கியதாக ஒரு மரபு சொல்கிறது. வூசி ஊரார் தங்கள் முறையே உயர்ந்தது என்கிறார்கள். கைஃபெங் நகரத்தார் சோங் வமிச காலத்துக்கே போகிறார்கள். சாற்றை எப்படி உள்ளே வைக்கிறார்கள் என்பதில் மர்மமில்லை. பன்றித்தோலை நெடுநேரம் காய்ச்சிய சாறு ஆறினால் கட்டியாகும். அதை நறுக்கிப் பூரணத்தோடு கலந்து மூடி வேகவைத்தால் உருகிவிடும். தைபேயில் யாங் பிங்யி 1958 இல் தொடங்கிய எண்ணெய்க் கடை, பெட்டியில் அடைத்த எண்ணெய் வந்து வியாபாரம் நொடித்ததும், 1970களின் தொடக்கத்தில் பிழைப்புக்காகக் கொழுக்கட்டை விற்கத் தொடங்கியது. தின் தாய் ஃபுங் என்ற அப்பெயர் இன்று பல நாடுகளில் கிளை விரித்திருக்கிறது. ஒரு கொழுக்கட்டைக்கு 18 மடிப்பு என்பது அங்கே சட்டம். அங்கே பெயர்களும் ஆண்டுகளும் கிடைக்கின்றன. காரணம், கடை கட்டடமாக நின்றது, பலகை மாட்டப்பட்டது, பிள்ளைகள் அதை வளர்த்தார்கள். தள்ளுவண்டிக்குப் பலகையும் இல்லை, பட்டாவும் இல்லை. வண்டி நிற்கும் கோயிலோ பள்ளியோ வீதிமுனையோதான் அதன் பெயர். ‘பிள்ளையார் கோயில் அண்ணன் கடை’ என்றால் போதும், உள்ளூரில் ஆள் அடையாளம் தெரியும், வரலாற்றில் தெரியாது.

வண்டிக்குப் பின்னால் இன்னொரு மௌனம். தட்டுவடையைப் பெரும்பாலும் வண்டிக்காரர் சுடுவதில்லை. பழைய பேட்டைகளின் சிறு வீடுகளில், பெரும்பாலும் பெண்கள், காலையிலிருந்து தட்டிச் சுட்டு, எண்ணிக்கைக் கணக்கில் தருகிறார்கள். அந்தக் கைதான் செட்டின் தரத்தைப் பாதி தீர்மானிக்கிறது. அவர்களை எந்த உணவு விமர்சனமும் பாடியதில்லை; வண்டியில் நிற்கும் ஆண்தான் படத்தில் வருகிறார்.

எனவே நல்ல செட் எங்கே என்று கேட்பவருக்கு நான் கடையின் பெயரைச் சொல்லாமல், பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். ஷாங்காய்க்காரரின் அளவுகோலுக்கு இங்கே வேலையில்லை, காது போதும். நல்ல தட்டுவடை உடையும் ஓசை அடுத்து நிற்பவருக்குக் கேட்க வேண்டும். ஈரமற்றிருப்பதால்தான் அது மொறுமொறுக்கிறது. சட்னியின் ஈரம் ஏறத் தொடங்கியதும் சில நிமிடங்களில் தோல்போல் நமத்துவிடும். ஆகவே முன்கூட்டியே அடுக்கி வைத்திருக்கும் வண்டியைக் கண்டால் நடையைக் கட்டலாம். அடுத்தது துருவல். பீட்ரூட்டில் உப்பைக் கலந்து வைத்தால் நீர் விட்டுக்கொண்டு கீழே சிவப்புக் குட்டை தேங்கும்; தொழில் தெரிந்தவர் உப்பைத் தனியே வைத்துக் கடைசியில் தூவுவார். துருவல் நூல்போல் மெலிந்திருக்க வேண்டும். பச்சைச் சட்னி கெட்டியாகவும் சிவப்புச் சட்னி சற்றே தளர்ந்தும் இருப்பது நலம். எலுமிச்சையை நேரே பிழியும் வண்டி மேலானது. பார்சல் கேட்பவரை முகம் சுளித்துப் பார்க்கும் வண்டிக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். தம் பண்டத்தின் ஆயுள் எவ்வளவு என்று அறிந்தவர் அவர். சியாவ்லோங்பாவுக்கும் இதே விதிதான்: சூடாறினால் சாறு கெட்டிப்பட்டு எல்லாம் பாழ். ஒன்று ஈரத்தைத் தோலுக்குள் பூட்டி வைக்கும் வித்தை. மற்றது ஈரத்தைக் கடைசி நொடிவரை தள்ளி வைக்கும் வித்தை. இரண்டும் ஒரு நிமிடத்துக்காகச் செய்யப்படுபவை.

இந்த ஒரு நிமிடப் பண்டம் வீதி இருந்தால்தான் இருக்கும். சிங்கப்பூர் 1971 முதல் 1986 வரை தன் வீதி வியாபாரிகளைக் கூரையிட்ட உணவு மையங்களுக்கு மாற்றியது. தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் கிடைத்தன, வீதி போயிற்று. 2020 இல் யுனெஸ்கோ அந்தப் பண்பாட்டைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் 2014 இல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது; கணக்கெடுப்பு, அடையாள அட்டை, நகர விற்பனைக் குழு ஆகியவற்றை அது வகுத்திருக்கிறது. சட்டத்தின் வாசகம் நன்றாகவே இருக்கிறது. வீதி அகலப்படுத்தப்படும்போது வண்டி எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது என்பதில்தான் அதன் உண்மை இருக்கிறது. கூரைக்குள் போனால் செட் சுவைக்காது என்று நான் சொல்லவில்லை. கோயிலுக்கும் மண்டிக்கும் பட்டறைக்கும் போகிற வழியில் இல்லாத செட்டைத் தேடிப் போக வேண்டியிருக்கும்; தேடிப் போகிறவர் தொகை எப்போதும் குறைவு.

தமிழ்நாட்டின் வேறு நகரங்களில் ‘சேலம் தட்டுவடை செட்’ என்ற பலகையோடு கடைகள் திறக்கப்படுகின்றன. சீஸ் துருவியவை, மயோனைஸ் வழிபவை எல்லாம் வந்துவிட்டன. பீட்ரூட்டை ஏற்றுக்கொண்ட பண்டம் சீஸையும் ஏற்றுக்கொள்ளலாம் என்று வாதிடும் நண்பர்களுக்கு என்னிடம் பதில் இருக்கிறது: பீட்ரூட் ஒரு வேலையைச் செய்யவந்தது, சீஸ் விலையை ஏற்றவந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் இரவு ஒன்பதை நெருங்கும்போது தட்டுவடைகள் தீர்ந்து, டின்னின் அடியில் உடைந்தவை மட்டும் மிஞ்சும். அவற்றையும் முறுக்குத் துண்டுகளையும் கையால் நொறுக்கி, மீந்த துருவலையும் இரண்டு சட்னிகளையும் ஒன்றாகக் கலந்து, காகிதத்தில் வைத்துத் தருவார்கள். நொறுக்கல் என்று பெயர். உடைந்தது வீணாகக் கூடாது என்ற கணக்கில்தான் அது பிறந்திருக்க வேண்டும் என்று பெயரே சொல்கிறது. இப்போது நொறுக்கலுக்கென்றே முழுத் தட்டுவடைகளை உடைக்கிறார்கள்; சாயங்காலம் ஐந்து மணிக்கே அதைக் கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.